பொருள்கோடற் பிரிவு

வரைவு ஆங்கிலத்தில் வந்தது, அறுபத்திரண்டு பக்கம்.
காற்றிலிருந்து எரிபொருள் செய்வோருக்கான ஒழுங்குவிதிகள்.
வெள்ளிக்குள் தமிழில் வேண்டும்.
திங்கள் பூநகரியில் பகிரங்க விசாரணை.

மூன்றாம் வரியிலேயே இடறினேன்.
வளியிலிருந்து என்ன செய்யப்பட்ட காபனீரொட்சைட்டு?
திணைக்களச் சொற்கோவையில் 'கைப்பற்றப்பட்ட'.
எழுதினேன்.
பரந்தன் கைப்பற்றப்பட்டது
கிளிநொச்சி கைப்பற்றப்பட்டது என்ற
வானொலிக் குரலில்
என் கையெழுத்தே என்னிடம் பேசிற்று.
வெட்டினேன்.
'பிடிக்கப்பட்ட' என்றால்
எங்கள் பக்கத்தில் உடனே கேட்பார்கள், ஆர் பிடிச்சது?
எங்க வைச்சிருக்கினம்?
'சேகரிக்கப்பட்ட': காற்றென்ன கோயில் உண்டியலா.
'உறிஞ்சப்பட்ட': நுளம்புக்குச் சரி.
'மீட்கப்பட்ட'
அதையும் ஒரு காலம் பாவித்து முடித்துவிட்டார்கள்.
பென்சிலால் கோடிழுத்து
இடம் விட்டேன்.

காற்றாலைகளின் காலடியில்
கொள்கலன் பருமனில் விசிறிப் பெட்டிகள்.
உள்ளே போவதில் பத்தாயிரத்தில் நாலு பங்குதான் அவர்களுக்கு.
மிச்சத்தைக் கௌதாரிமுனைப் பக்கம் திருப்பி விடுகிறார்கள்.
கண்ணாடிக் குவளையில் கொண்டுவந்து காட்டினார்கள்:
நிறமில்லை. மூக்கருகே கொண்டுபோனால் மட்டும்
எண்ணெய்.

முழங்காவில் நிமலகாந்தன், மோட்டார் திருத்துகிறவர்,
ஒலிவாங்கி வேண்டாமென்றார்.
"எண்ணெய்ச் சட்டத்துக்கு நாங்கள் புதுசில்லை ஐயா.
தடைப்பட்டியலில பெற்றோல் இருந்த நாளில
மருந்துப் போத்தலால நாலு துளி காபரேற்றருக்குக் காட்டி
மண்ணெண்ணெயில ஓடினனாங்கள்.
பிறகு கியூஆர் வந்தது.
இதுக்கு என்ன அட்டை?"
மண்டபம் சிரித்தது.
பொறியியலாளர் ரணவீர
நான் மொழிபெயர்க்கும்வரை காத்திருந்து
தனியாகச் சிரித்தார்.

இரண்டாம் பிரிவு வாசித்தேன்:
வளி எவருக்கும் உரித்தற்றது.
அதிலிருந்து பெறப்படுவது பெற்றவருக்கு உரித்து.
பள்ளிக்குடா யூட் மரியதாஸ் இருந்தபடியே கேட்டார்,
"பிடிச்சவனுக்குத்தான் மீன் எண்டால்
இழுவைமடியை ஏன் தடைசெய்தனீங்கள்?"
குறித்துக்கொண்டார்கள்.

பதினொன்று: தோற்றச் சான்று.
ஒவ்வொரு லீற்றரும்
தன் காபன் வந்த வழியை ஆவணத்தால் நிரூபிக்க வேண்டும்.
நிலக்கரிப் புகையைக் காற்றென்று விற்கக்கூடாது.
நல்ல விதி. நானும் தலையாட்டினேன்.
அப்போதுதான் குகராணி எழும்பினா.
"என்ர காணிப் பெர்மிட் வீட்டோட எரிஞ்சது.
ஆவணம் இல்லையெண்டு பன்ரெண்டு வருசம் அலையிறன்.
அந்தப் புகை இன்னும் இந்தக் காத்துக்க நிக்குமோ?"

ரணவீர பொய் சொல்லத் தெரியாதவர்.
நிற்கும் என்றார்.
ஒரு பங்கு நூறு வருசம், ஒரு பங்கு ஆயிரம்.
"அப்ப இந்தக் கிளாசுக்குள்ளயும்
அதில ஒரு பொட்டு இருக்குமோ?"
அவர் குவளையைப் பார்த்தார்.
கணக்கின்படி, இருக்கக்கூடும்.
"அது ஆற்றை?"

ஒரு சொல்.
சிங்களத்தில் சொல்லி முடிக்க எனக்கு
இரண்டு வசனம் தேவைப்பட்டது.
கூட்ட அறிக்கையில் இப்படிக் கிடக்கிறது:
'உரித்துத் தொடர்பாக ஒரு வினா எழுப்பப்பட்டது.'

எரித்தால் பழைய இடத்துக்கே திரும்பிப் போகுமாம்,
ஆகவே நிகரப் பெறுமானம் பூச்சியம்
என்கிறது அட்டவணை நான்கு.
பூச்சியத்துக்குத் தமிழில் சிக்கலில்லை.

அன்றிரவு கோட்டின்மேல் எழுதினேன்:
வளியிலிருந்து எடுத்த.
வெறும் எடுத்த.
சட்டவரைஞர் அலுவலகம் திருப்பி அனுப்பியது.
"எடுத்தவர் யார் என்ற கேள்வி எழ இடமுண்டு.
செயப்பாட்டுவினையில் திருத்தவும்."

இன்னும் திருத்தவில்லை.
ஆனி மாதம், யன்னலால் சோளகம் அடிக்கிறது.
அறுபத்திரண்டு பக்கத்துக்கும் மேலே
துளையிடும் கருவியைத் தூக்கி வைத்திருக்கிறேன்.